சுகன்யா மேரிக்கு ஒரு கிழமை

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் சாலையில் இறங்கி, சுகன்யா மேரி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "மாவுக்காரம்மா, நெறையப் புள்ளைங்க இருக்குமே, அந்த வூடு" என்று கேட்டால் எதிரே வருகிறவர் சிரித்துக்கொண்டே வழி காட்டுவார். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ விசேஷம் போலிருக்கிறது, அப்புறம் வரலாம் என்று திரும்பிப் போன கொரியர்காரர் உண்டு. விசேஷமெல்லாம் ஒன்றுமில்லை. ஐந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மூத்தவள் ஆரோக்கிய செல்வி, பத்தாம் வகுப்பு. அடுத்தவள் சகாய பிரியா, எட்டாம் வகுப்பு. மூன்றாவது சாம். அவனுக்குக் கீழே அடைக்கலராஜ். கடைக்குட்டி லூர்து, ஒன்றாம் வகுப்பு. கடைக்குட்டி என்று சொன்னது வாய் தவறி. இந்தக் கதை நடக்கும்போது சுகன்யாவின் வயிற்றில் ஆறாவது இருந்தது.

ஆறாவது என்றதும் உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது. அந்த முகத்தை சுகன்யா எத்தனையோ வருஷமாகப் பார்த்துவிட்டாள். பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில். "இந்தக் காலத்துல போயி..." என்று தொடங்குவார்கள், முடிக்க மாட்டார்கள். முடிக்காமல் விட்டால் அது நாகரிகம் என்று நினைப்பு. நம் ஊரில் பிள்ளை இல்லாதவளையும் கேட்பார்கள், ஒன்றோடு நிறுத்தினவளையும் கேட்பார்கள், ஆறு பெற்றவளையும் கேட்பார்கள். கேட்காமல் விடுகிற எண்ணிக்கை எது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டுப் பூங்குழலி மட்டும் முழுசாகக் கேட்டுவிடுவாள். அவளுக்கு ஒரே மகன். "பதினாறும் பெத்துப் பெருவாழ்வு வாழ்கன்னு வாழ்த்துவாங்க. அது பதினாறு வகைச் செல்வம்டி, புள்ளைங்க இல்ல. உனக்கு யாரும் சொல்லலியா?"

"தெரியும். மத்த பதினஞ்சும் நம்ம வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. வந்தது புள்ளச் செல்வம் ஒண்ணுதான், அதையாவது நல்லா வாங்கிக்கிட்டேன்" என்பாள் சுகன்யா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒன்று போதும் என்கிறவள் தப்பு என்று சுகன்யா ஒருநாளும் சொன்னதில்லை. அவளவள் மனசு அவளவளுக்கு.

ஆனால் இவள் மனசில் இந்த ஆசை எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சுகன்யா வரதராசன்பேட்டையில் பிறந்தவள், ஒற்றைப் பிள்ளை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா முந்திரிக்கொட்டை உடைத்து வளர்த்தாள். சுகன்யாவுக்கு இருபது வயதில் அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், சேர்த்தது அவள் ஒருத்திதான். மருந்துச் சீட்டோடு ஓடியதும் அவள், ஸ்கேன் எடுக்கத் தள்ளுவண்டி பிடித்ததும் அவள். கஞ்சி வாங்கப் போன நேரத்தில் "இந்தப் பேஷண்ட் கூட யாருமில்லையா?" என்று நர்ஸ் கூப்பிட்டு, ஓடிவந்து திட்டு வாங்கியதும் அவளேதான். குளிக்கப் போனாலும் காது வார்டிலேயே இருக்கும். சுவரில் சாய்ந்து கண்ணைச் செருகிக்கொள்வதற்குத்தான் தூக்கம் என்று பெயர்.

பக்கத்துக் கட்டிலில் வேப்பந்தட்டைப் பக்கத்து விவசாயி வீட்டம்மா ஒருவர். அவருக்குப் பெண்களும் பையன்களுமாக நிறைய. ஒருத்தி வருவாள், ஒருத்தி போவாள். சும்மாவும் இருக்க மாட்டார்கள். நீ கொண்டுவந்த ரசத்தில் உப்பே இல்லை என்று அங்கேயே சண்டை போடுவார்கள். ஒரு மத்தியானம், ஊரிலிருந்து வந்த தங்கைக்காரி அக்காவின் தோளைத் தட்டி, "நீ போயிப் படுக்கா. நான் இருக்கேன்" என்றாள். அக்கா மறுபேச்சு பேசவில்லை. கட்டிலுக்கு அடியில் பாயை விரித்தாள், படுத்தாள், படுத்ததும் குறட்டை.

சுகன்யா அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வந்தது பொறாமை. வெட்கத்தை விட்டுச் சொன்னால் பொறாமைதான். உலகத்தில் எனக்கு இந்த ஒரு வார்த்தை சொல்ல ஓர் ஆள் இல்லையே என்று வயிறு எரிந்தது. அம்மா பிழைக்கவில்லை. அம்மா போன பிறகும் அந்த வார்த்தை அவளை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷம் ஏலாக்குறிச்சியிலிருந்து மரிய ஆல்பர்ட் பெண் பார்க்க வந்தார். சிமெண்டு ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை. தெருப் பெரியவர்கள் தனியாகப் பேச விட்டார்கள். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்த கையோடு, "எனக்குப் புள்ளைங்க நெறைய வேணும்ங்க" என்றாள் சுகன்யா.

"நெறையன்னா?"

"டவுன் பஸ்ல கடைசி சீட்டு இருக்குல்ல, அது ரொம்பணும்."

ஆல்பர்ட்டுக்குக் காப்பி புரை ஏறிவிட்டது. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். கடைசி சீட்டில் ஆறு பேர் உட்காரலாம் என்று அவர் அப்போது கணக்குப் பார்க்கவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். கூடவே சண்டையும் வந்தது. ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்துக்காக எல்லோரும் பெரம்பலூர் பஸ்ஸில் போனபோது ஜன்னலோரம் யாருக்கு என்று செல்விக்கும் பிரியாவுக்கும் குடுமிப்பிடி. சாம் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் கடித்துவைத்தான். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, இது கவர்மெண்ட் பஸ்ஸா, இல்ல உங்க வூட்டுக் கூடமா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. ஆல்பர்ட் எழுந்து நின்று அங்கேயே சட்டம் போட்டார்.

"இன்னிக்கித் திங்கக்கிழம. திங்கக்கிழம செல்வியோடது. ஜன்னல் அவளுக்கு. நாளைக்கிச் செவ்வாக்கிழம, அது பிரியாவோடது."

"நாளைக்கித்தான் நாம பஸ்லயே போகலியே" என்று பிரியா ஒப்பாரி வைத்தாள்.

"அப்ப நாளைக்கி வூட்டுல நீ சொல்றதுதான் கொழம்பு."

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த வீட்டுக் கிழமைக் கணக்கு. ஆளுக்கு ஒரு கிழமை. கிழமைக்காரர் சொல்வதுதான் குழம்பு. குளிப்பதில் முதல் ஆள், ஜன்னலோரம், டிவி ரிமோட் எல்லாம் அவருக்கு. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்வதும் அவர் பொறுப்பு. புதன் சாமுக்கு. வியாழன் அடைக்கலராஜுக்கு. வெள்ளி லூர்துவுக்கு. வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத வீடு அது என்பதால், "என் கிழமைல மட்டும் ஏன் கறி கெடையாது?" என்று அவன் பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டிருக்கிறான். சனிக்கிழமை ஆல்பர்ட்டுக்கு ஆலையில் ஓய்வு, அது அவர் கிழமை. அன்றைக்குக் கொள்ளிடத்துக் கெண்டைமீன் குழம்பு. பிள்ளைகள் முள்ளைத் துப்பிக்கொண்டே சாப்பிடுவார்கள். ஞாயிறு ஆண்டவருக்கு. ஆக, வாரம் நிரம்பிவிட்டது.

அந்த நிரம்பின வாரத்துக்குள் ஆறாவது வந்தது. கிராம நர்ஸ் கீதாஞ்சலி முதலில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, போன தடவையே சொன்னேன்ல? உங்களுக்கு ரத்தம் கம்மி. வயசும் ஏறுது. இதோட நிறுத்திக்கணும். மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"இதோட சரிம்மா. பஸ் சீட்டு ரொம்பிடுச்சு. ஆபரேஷனுக்கும் சரின்னு எழுதிக்க" என்றாள் சுகன்யா.

திட்டினவள்தான் மாத்திரையும் பேரீச்சம்பழமுமாகத் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். கீதாஞ்சலிக்குக் கையும் வாயும் இரண்டு கட்சி.

ஆறாவதுக்கு எந்தக் கிழமை என்று வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. ஆல்பர்ட் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "சனிக்கிழமைய எடுத்துக்கட்டும். எனக்கென்ன, ஞாயித்துக்கிழமைல சாமி கொஞ்சம் பங்கு குடுப்பாரு" என்றார். கெண்டைமீன் போகிறதே என்ற துக்கம் முகத்தில் தெரிந்தது.

இதில் சிரிக்காத ஒரே ஆள் செல்வி. முந்தின வாரம்தான் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுகன்யா போய் உட்கார்ந்திருந்தாள். பின்பெஞ்சுப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்ததை அவளும் பார்த்தாள், செல்வியும் பார்த்தாள். வீடு வரும்வரை செல்வி அம்மாவை விட்டு பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

பொங்கல் முடிந்த ஒரு திங்கட்கிழமை. விற்கிற இட்லி மாவை அரைத்து முடித்து, செல்வி கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு உன் கிழம. என்ன கொழம்பு வெக்கட்டும்?" என்று வழக்கம்போலக் கேட்டாள் சுகன்யா.

செல்வி நிமிராமல் சொன்னாள். "எனக்கு இனிமே திங்கக்கிழம வேணாம்மா. எடுத்துடு."

வேறு வீட்டில் ஒரு பெண் திங்கட்கிழமை வேண்டாம் என்றால், பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்த வீட்டில் அதற்கு அர்த்தம் வேறு. உங்கள் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதே என்று பெண் சொல்கிறாள் என்றுதான் சுகன்யாவின் காதில் விழுந்தது. ஏன்டி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில், "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அம்மா முகம் போன போக்கைப் பார்த்து, அவளுக்குக் கோபம் என்று செல்வியும் நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆல்பர்ட் இமையெல்லாம் சிமெண்டுத் தூளாக வந்து நின்றார். சுகன்யா தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே அழுதுவிட்டாள்.

"நான் தனியாக் கெடந்தேன், எம் புள்ளைங்க அப்படிக் கெடக்கக் கூடாதுன்னு பெத்தேங்க. அந்தப் பாரத்தப் பூரா மூத்தவ தலையில ஏத்திட்டனா? அஞ்சு வயசுலயே இடுப்புல தம்பியத் தூக்கிட்டுத் திரிஞ்சாளே அவ."

ஆல்பர்ட் தலையைச் சொறிந்தார். "பரீட்ச நேரம். விடு, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் குளிக்கப் போய்விட்டார். அந்த அவசரத்தை அப்போதே அவள் கவனித்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் சுகன்யா மூத்தவளை ஒரு வேலை செய்ய விடவில்லை. லூர்துவைக் குளிப்பாட்டப் போனால், "நீ போ, படி". மாவுப் பாத்திரத்தைத் தூக்கினால், "நீ வெச்சுட்டுப் போ". நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். பெண்ணோ அம்மா நம்மைத் தள்ளிவைக்கிறாள் என்று நினைத்தது. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்துக்கொண்டு, ஒரே சமையலறையில் வெளியூர்க்காரர்கள் மாதிரி நடமாடினார்கள். திங்கட்கிழமைகளில் யாரும் குழம்பு கேட்கவில்லை. ரசமும் அப்பளமுமாக அந்த நாள் வந்து வந்து போயிற்று.

பரீட்சை முடிந்து, அக்கினி வெயில் தொடங்கின ஒரு சனிக்கிழமை காலையில் வலி கண்டது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டது வரைக்கும் சுகன்யாவுக்கு ஞாபகம் இருக்கிறது. கீதாஞ்சலி பயந்த மாதிரியே ரத்தப் போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா பக்கத்தை விட்டு நகரவில்லை. செய்தி ஆலைக்குப் போனதும், ஆல்பர்ட்டின் கூட்டாளிகள் முகம்கூடக் கழுவாமல் ரத்தம் கொடுக்க வந்து நின்றார்கள். வெளுத்த தலையும் வெளுத்த இமையுமாக அவர்களைப் பார்த்த வாட்ச்மேன், எங்கேயோ கட்டடம் இடிந்து விழுந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். கண்டம் தாண்டியது. மாதா கைவிடவில்லை, மனிதர்களும் கைவிடவில்லை.

நன்றாக நினைவு வந்தது மூன்றாம் நாள் மத்தியானம்தான். விழிப்பு வந்துவிட்டது. இமையைத் தூக்கத்தான் தெம்பில்லை. மின்விசிறிச் சத்தம். பக்கத்தில் பிஞ்சு மூச்சு. அதற்கு மேல் இரண்டு குரல்கள் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வார்டில் நோயாளிக்குத் துணையாக ஒரே ஒரு பெண் ஆள்தான் இருக்கலாம், அது யார் என்றுதான் சண்டை.

"சனிக்கிழமலேருந்து நீயே இருக்க. கண்ணப் பாரு, எப்படிச் செவந்து கெடக்கு. நீ போயிப் படுக்கா. நான் இருக்கேன்." அது பிரியா.

சுகன்யாவின் கண்ணுக்குள் பெரம்பலூர் வார்டு, சுவர், பக்கத்துக் கட்டில் எல்லாம் ஒரு நொடியில் வந்து போனது. அன்றைக்கு அடுத்த கட்டிலில் கேட்ட வார்த்தை. இன்றைக்கு அவள் கட்டிலுக்கே வந்திருந்தது.

"அதெல்லாம் முடியாது. இன்னிக்குத் திங்கக்கிழம" என்றது செல்வியின் குரல்.

"திங்கக்கிழமையத்தான் நீ குடுத்துட்டியே!"

"குடுத்தேன். யாருக்குக் குடுத்தேன்? அம்மாவுக்குத்தானே? இன்னிக்குத்தான் அம்மாவோட முதல் கிழம. முழிச்சதும் என்ன வேணும்னு நான்தான் கேப்பேன்."

சுகன்யா கண்ணைத் திறந்தாள். "என்னடி சொல்ற?"

இரண்டு பெண்களும் துள்ளி விழுந்தார்கள். செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அடக்கியது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"எல்லாருக்கும் கிழம இருக்கு. சாமிக்குக்கூட இருக்கு. உனக்குத்தாம்மா இல்ல. யாருமே பாக்கல, நானும் இவ்ளோ நாளாப் பாக்கல. பாப்பாவுக்கு எந்தக் கிழமன்னு விரல் விட்டு எண்ணுனப்பதான் தெரிஞ்சுது. அதான் என்னுத உனக்குக் குடுத்துடலாம்னு இருந்தேன். தம்பிங்க எல்லாம் சரின்னுட்டாங்க, அப்பாவும் சரின்னாரு. பாப்பா பொறந்தன்னிக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தோம். நீ என்னடான்னா அன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. கோவம் போலருக்குன்னு நெனச்சேன்."

தலையைச் சொறிந்த மனுஷனின் அவசரம் இப்போது சுகன்யாவுக்குப் புரிந்தது. இன்னொன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "கூட்டத்துக்கு நான் வந்தப்ப உனக்கு வெக்கமா இருந்துச்சுல்ல?"

செல்வி ஒளிக்கவில்லை. "இருந்துச்சும்மா. ரெண்டு நாள் அழுதேன்கூட. அது வேற, இது வேற."

சுகன்யாவுக்கு இதைவிட நல்ல பதிலை யாரும் கொடுத்திருக்க முடியாது. வெட்கமே இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஊசி குத்தின கையால் பெண்ணின் தலையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக, தையல் வலிக்க வலிக்கக் குலுங்கினாள்.

செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி, இன்னிக்கு உன் கிழம. என்ன கொழம்பு வேணும்? சொல்லு, பூங்குழலி அத்தை வெச்சுக் குடுத்தனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க."

சுகன்யா மனசுக்குள் தேடிப் பார்த்தாள். செல்விக்கு வத்தக்குழம்பு, பிரியாவுக்குச் சாம்பார், சாமுக்கு முட்டை, அடைக்கலராஜுக்கு உருளைக்கிழங்கு இல்லாமல் இறங்காது, எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தனக்கு என்ன பிடிக்கும்? கல்யாணமான நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவளும் யோசித்ததில்லை.

"ஒண்ணு மட்டும் தெரியும்" என்றாள் கடைசியில். "கெண்டமீன் வேணாம். எனக்கு அது எப்பவுமே புடிச்சதில்ல."

"அய்யோ!" என்று இரண்டு பெண்களும் போட்ட சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து அதட்டினாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கடி. பாவம். மத்தத யோசிச்சு வெக்கிறேன், அதான் அடுத்த திங்கக்கிழம இருக்குல்ல."

கேட்டாகிவிட்டது என்றதும் செல்விக்கு அதற்கு மேல் நிற்கத் தெம்பில்லை. நர்ஸ் பார்ப்பதற்குள் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்தாள், படுத்தாள், படுத்ததும் குறட்டை. சுகன்யா அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். இந்தமுறை வயிறு எரியவில்லை. அம்மா இருந்திருந்தால் இதைக் காட்டியிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது.

பிரியா பாப்பாவைத் தூக்கி மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண் இன்னும் திறந்தே இருப்பதைப் பார்த்து, போர்வையை இழுத்துவிட்டாள்.

"நீயும் தூங்கும்மா. நான் இருக்கேன்."

சுகன்யா மறுபேச்சு பேசவில்லை.